நாக்கு தட்டும் இடம்

ஏழாயிரங்குளத்தில் மனிதர்களின் காலடியில் கோடு விழ ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலை, தபால்காரர் அருணாசலம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உரக்கடைக்காரரிடம் பதிவுத்தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில். ஒரு முழ நீளத்துக்கு, நீல நிறத்தில், அளவுகோல் வைத்துப் பந்துமுனைப் பேனாவால் இழுத்த மாதிரி அவருடைய இரண்டு பாதங்களுக்கும் கீழே அது தரையில் கிடந்தது, அவர் நகர்ந்தபோது கூடவே நகர்ந்தது, சைக்கிளில் ஏறியபோது சக்கரங்களுக்கு அடியில் ஓடி வந்தது, வீட்டு வாசலில் அவரை நிறுத்தி அவர் மனைவி நாலு குடம் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தபோது தண்ணீர்தான் வடிந்து போனது. அன்று பொழுது சாய்வதற்குள் பதினொரு பேர் கோட்டின் மேல் நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள் என்று யாரும் இல்லை, கோடு அதோடு நின்றுகொண்டது.

வேறு ஊராக இருந்தால் செய்வினை என்று சொல்லிக் கோடாங்கியைத் தேடிப் போயிருப்பார்கள். ஏழாயிரங்குளத்தில் ஒருவரும் போகவில்லை, ஏனென்றால் நூற்பாலை மூடிய வருஷத்திலிருந்து அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அரசாங்கத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள், எழுதாதவர்கள் எழுதுகிறவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள், கோயில் பிராகாரத்திலும் ரயில்வே கேட்டிலும் சலூன் பெஞ்சிலும் மாதிரி வினாத்தாள்கள் கிடந்தன, ஆடு மேய்க்கப் போகிறவள்கூட மடியில் ஒன்றைச் செருகிக்கொண்டு போனாள். ஆகையால் கீழே ஒரு கோடு கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிழையான பகுதியைக் கண்டறிந்து அடிக்கோடிடுக. பிழை இந்த ஆளில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியும், அதுதான் ஊரைக் கெடுத்தது. ஒரு வாக்கியத்தில் ஒரு பிழைதான் இருக்கும். அ, ஆ, இ, ஈ என்று நாலாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் வாக்கியத்தில் ஒரு பகுதி தப்பு என்று தெரிந்துவிட்டால் மற்ற மூன்றையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, அவை சரி, அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். கோடு விழுந்த பதினொரு வீடுகளிலும் முதல் நாள் அழுகை இருந்தது, இரண்டாம் நாள் யோசனை இருந்தது, மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போது அந்த வீட்டு ஆட்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது: தப்பு அவர், அப்படியென்றால் நாங்கள் சரி. இத்தனை வருஷமாக வீட்டில் ஒன்றும் விளங்காமல் போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அருணாசலத்தின் மனைவி அன்று தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள், ஊர் அவளைப் பொறாமையோடு பார்த்தது.

தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கோடுகளை நாடாவால் அளந்துகொண்டு போனார். கோடு வருவாய்த் துறையைச் சேர்ந்ததா, நில அளவைத் துறையைச் சேர்ந்ததா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, இன்றைக்கும் அதற்குப் பதில் போகவில்லை.

இனிமேல் கவலை கோடு விழாத வீடுகளுக்குத்தான். பிழை இல்லாத வீடு என்று அவர்கள் சந்தோஷப்பட்டிருக்கலாம், ஆனால் பயிற்சி மையத்து ஆரோக்கியசாமி சார் இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிய பாடம் வேறு. "பிழை ஏதுமில்லைன்னு ஒரு கட்டம் கடைசியா இருக்கும், அதத் தொட்டுராதீங்க. உங்களுக்குப் பிழை தெரியலைன்னா நீங்க சரியாப் படிக்கலைன்னுதான் அர்த்தம்" என்று அவர் சாக்பீஸால் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தார். ஆகவே எங்கள் வீட்டிலும் பிழை இருக்கிறது, இன்னும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்காதவரைக்கும் நாலு பேர் மேலும் சந்தேகம் என்று கோடில்லாத வீடுகள் தவித்தன. புருஷன் பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான், அண்ணன் தம்பியைப் பார்த்தான், எல்லோரும் அடிக்கடி குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர்களுக்கு வடிவின் ஞாபகம் வந்தது.

கற்பகவடிவுக்கு முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒன்பது தடவை தேர்வு எழுதி ஒன்பது தடவையும் ஒரு மார்க்கிலோ ஒன்றரை மார்க்கிலோ நழுவவிட்டவள். வரலாற்றிலும் கணக்கிலும் சறுக்குவாளே தவிர, பிழை கண்டறிவதில் மாவட்டத்தில் அவளுக்கு ஈடு கிடையாது, அந்தப் பகுதியில் ஒரு கேள்வியைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அதனால் ஆரோக்கியசாமி சார் அவளை மையத்திலேயே வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வுக்கு வாக்கியம் தயாரிக்கச் சொல்லியிருந்தார். காலை முழுக்க அவள் பழைய செய்தித்தாளில் நல்ல வாக்கியங்களாகப் பார்த்து எடுப்பாள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடத்தைக் கெடுப்பாள். மாடுகள் புல் மேய்ந்தன என்று ஒழுங்காக இருப்பதை மாடுகள் புல் மேய்ந்தது என்று ஆக்குவாள். எந்த வாக்கியமும் பிழையோடு பிறப்பதில்லை, யாரோ ஒருவர் உட்கார்ந்து வைத்தால்தான் அது அங்கே இருக்கும் என்பது அவளுக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தாள் என்பதுதான் கதை.

முதலில் வந்தது இட்லிக்கடை வேலம்மா. புருஷன் இல்லை, மூத்தவள் பூரணம் முப்பத்தெட்டு வயதில் கட்டியவனை விட்டுவிட்டுத் தாய் வீட்டோடு வந்துவிட்டவள், கீழே இரண்டு ஆண்பிள்ளைகள். வேலம்மா மையத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்து நின்றாள்.

"வடிவு, எங்க வீட்டுல எதுன்னு ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுளா. என்னால ராவும் பகலும் மூணு பேரையும் சந்தேகமாவே பாத்துக்கிட்டுக் கெடக்க முடியல."

"அத்தை, நான் வாக்கியத்துலதான் பாப்பேன், ஆள்ல எப்படிப் பாக்க?"

"வாக்கியத்துல எப்படிப் பாப்பியோ அப்படித்தான்."

வாக்கியத்தில் அவள் பார்க்கும் விதம் எளிமையானது. கண்ணால் படித்தால் பிழை தப்பித்துவிடும், வாயால் படிக்க வேண்டும், படித்துக்கொண்டே போகையில் நாக்கு எந்த இடத்தில் தட்டுகிறதோ அந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும். தேர்வறையில் சத்தம் கூடாது என்பதால் உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பாள், மேற்பார்வையாளர்கள் அவள் ஸ்லோகம் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். வேலம்மா வீட்டில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்றாள். வீட்டில் ஆளை ஆள் கூப்பிடுவது அதற்குத்தானே. பையன்கள் கூப்பிட்டார்கள், பூரணம் கூப்பிட்டாள், எல்லாம் வழுவழுவென்று போயிற்று. வேலம்மா இரண்டு மகன்களையும் கடையில் எச்சில் இலை எடுக்கச் சொல்லும் குரலிலேயே கூப்பிட்டுவிட்டு, "பூர" என்று ஆரம்பித்தபோது பாதியில் தொண்டை நின்றது, எச்சில் விழுங்கினாள், அப்புறம்தான் மீதிப் பேர் வந்தது. வடிவு சுவரைப் பார்த்தபடியே, "மூத்தது" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, பூரணத்தின் காலடியில் கோடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடி நின்றது.

பூரணம் சேலையைக் கொஞ்சம் தூக்கி அதைப் பார்த்தாள், இறக்கிவிட்டுக்கொண்டாள். வேலம்மாதான் பேசினாள். "எனக்கு அப்பவே தெரியும் தாயி. இவ பேரச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ள ஏதோ வந்து அடைக்கும். என்னமோ ஏதோன்னு இருந்தேன், இப்பல்லா தெரியுது என்னன்னு." அன்று வேலம்மா வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள், வடிவுக்கு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள், ஒன்பது தடவை தோற்ற வடிவு முதல் தடவையாக நூற்றுக்கு நூறு வாங்கியவளாகத் தெருவில் நடந்து வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அது பிடித்திருந்தது, அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

அதற்குப் பிறகு ஊரில் பிழையெடுப்பு என்று ஒரு விசேஷம் உண்டாகிவிட்டது, காதுகுத்து, மொட்டை மாதிரி அதற்கும் நாள் பார்த்தார்கள், வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், வடிவுக்குச் சுவரோரம் பலகை போட்டு ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார்கள், உறவுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு உட்கார்ந்தார்கள், வீட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டார்கள், புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் 'ஏங்க, சாப்பிட வாங்க' என்று கூப்பிட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள், நாக்கு எங்கே தட்டியதோ அங்கே வடிவு விரல் வைத்தாள், அவள் சொன்ன ஆளின் காலடியில் கோடு வந்தது, பாயசம் பரிமாறினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் பெற்றோர் பெயருக்குக் கீழே 'பிழையெடுத்த இல்லம்' என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள், பிறகு அது இல்லாத பத்திரிகையை யாரும் கையில் வாங்கவில்லை.

கோடு விழுந்தவர்களை ஊர் ஒன்றும் அடித்து விரட்டிவிடவில்லை, அப்படிப்பட்ட ஊர் இல்லை அது. முதல் வாரம் எல்லோரும் அவர்களிடம் கூடுதல் பிரியமாக இருந்தார்கள், அடுத்த வாரம் அவர்களுக்குத் தட்டு தனியாக வந்தது, அதற்கடுத்த வாரம் வீட்டில் ஒரு பிழை நடமாடிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று யாராவது ஒரு சித்தப்பா வந்து நியாயமாகக் கேட்டார். மூடிப்போன நூற்பாலையில் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது, கூரை ஒழுகாது, கிணறு உண்டு. ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டிலிருந்து தினமும் சோறு போனது, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வெள்ளி செவ்வாய்.

நடுவில் வடிவுக்கு ஒரே ஒரு தடவை தடுமாறியது. செந்தட்டியும் மாரிக்கனியும் கட்டி ஆறு மாசம் ஆன புருஷன் பெண்டாட்டி, வீட்டில் வேறு ஆள் இல்லை, புதுக்காலத்துப் பிள்ளைகள் என்பதால் இரண்டு பேரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவன் கூப்பிட்டபோது அவள் பேரில் நாக்கு தட்டியது, அவள் கூப்பிட்டபோது அவன் பேரில் தட்டியது. ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழை வராதே என்று வடிவு நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இது சிக்கலான கேள்வி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், மறுபடி கூப்பிடச் சொன்னாள், கடைசியில் எந்த நிறுத்தம் கொஞ்சம் நீளமோ அதை எடுத்துக்கொண்டு, "செந்தட்டி" என்றாள். அவன் கிட்டங்கிக்குப் போனபோது கோடே இல்லாத மாரிக்கனி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே போய்விட்டாள், திரும்பி வரவில்லை. ஊர் அதைப் பைத்தியம் என்றது. வடிவும் அப்படித்தான் நினைத்தாள், ஆனால் அன்றைக்குக் கொடுத்த பாயசம் அவளுக்கு இறங்கவில்லை.

அறுபத்திரண்டு வீடுகள் முடிந்திருந்தன. ஊர் திருந்திவிட்டது, சண்டை இல்லை, சத்தம் இல்லை, யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கோயில் ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பட்டியல் வாசிக்கிற மாதிரி தெளிவாக, நேராக, ஒரே சீராக இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகையில் அம்மாக்கள் கண் கலங்கவில்லை, பஸ் நேரத்தைச் சரியாகச் சொல்லி ஏற்றிவிட்டார்கள். உரக்கடைப் பெரியவர் இறந்தபோது வந்த ஒப்பாரியில் ஒரு சொல் பிசகவில்லை, ஒரு குரல் உடையவில்லை, பாடி முடித்ததும் பெண்கள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கேயோ ஏதோ குறைகிறது என்று வடிவுக்குத் தோன்றியது, என்னவென்று தெரியவில்லை. தெரியாவிட்டால் தான் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது.

பிழையெடுக்காமல் மிஞ்சி நின்றது அவளுடைய வீடுதான். யாரும் அவளைக் கேட்கத் துணியவில்லை, அவளுடைய தம்பி குமரகுருவுக்கு விதைக்கடை மந்திரமூர்த்தியின் மகளைப் பேசி முடிக்கும்வரை. மந்திரமூர்த்தி தட்டை மாற்றுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாம் திருப்தி, பிழையெடுப்பு மட்டும் நாங்க இருக்கும்போதே ஆயிட்டா நல்லது என்றார். குமரகுரு அக்காவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அம்மா ராமலட்சுமி அன்று சாயந்திரம் வடிவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒன்பது தடவ எழுதியாச்சு. வரன் வந்ததெல்லாம் தட்டிப் போச்சு. அவனுக்காவது நல்லது நடக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல, ஒனக்கே எல்லாம் தெரியும்."

வடிவுக்குத் தெரியும். பிழை எது என்று அந்த வீட்டில் நாலு பேருக்கும் பல வருஷமாகத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கிட்டங்கிக்குப் போக வேண்டியிருக்கும் என்று இரண்டு சேலைகளை மடித்துக்கூட வைத்துவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது, ஆனால் அதில் அநியாயம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மந்திரமூர்த்தியும் அவர் மனைவியும் சாட்சிக்கு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வடிவு தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா முதலில் கூப்பிட்டாள், அப்பாவை 'ஏங்க' என்று, மகனைப் பேர் சொல்லி, மகளைப் பேர் சொல்லி, தட்டவில்லை. வடிவு தன் முறைக்கு எல்லோரையும் கூப்பிட்டாள். தம்பி கூப்பிட்டான், அவன் குரல் மூன்று பேர் மேலும் தார் ரோட்டில் புது பஸ் போவது போலப் போயிற்று, அவள் பேரில்கூட ஒரு குலுங்கல் இல்லை. அதைக் கேட்டு அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது, ஏன் என்று அப்போது புரியவில்லை.

பிறகு அப்பா. சிதம்பரநாதன் நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர், மூடிய பிறகு எந்த வேலைக்கும் போகாமல் போனவர், அதிகம் பேசாதவர். "ராமலட்சுமி, சாப்பிட வா" என்றார். "குமரகுரு, சாப்பிட வா" என்றார். அப்புறம், "வடி" என்றார், நின்றது. செருமிக்கொண்டு மறுபடி, "வடி" என்றார், மறுபடி நின்றது. செம்புத் தண்ணீரை அவர் எடுத்துக் குடிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை முழுப் பேரும் வந்தது, ஆனால் உள்ளே எதிலோ மாட்டி, அதை இழுத்துக்கொண்டு வந்தது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வடிவு அறுபத்திரண்டு வீடுகளில் அந்த நிறுத்தத்தைக் கேட்டவள், அதைத் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுவிடுவாள், ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் இன்றைக்கு அது அவளுடைய பேரில் வந்து நின்றது. ஒன்பது தடவையும் தேர்வு நடந்த பள்ளிக்கூடங்களின் வாசலில் மஞ்சள் பையும் தண்ணீர் பாட்டிலும் இரண்டு உபரிப் பேனாவுமாக வெயிலில் மூன்று மணி நேரம் நின்றவர் அவர். எப்படி எழுதினாய் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல், பசிக்குதா என்று மட்டும் கேட்டவர். முடிவு வரும் நாளில் அவளுடைய எண் இல்லாத பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, அச்சுல விட்டுருப்பான் என்று சொன்னவர். அதெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து அவர் தொண்டையில் நின்றது. பிழையால் நாக்கு தட்டவில்லை, பாசத்தால் தட்டியது. அப்படியென்றால் வேலம்மாவின் தொண்டையில் நின்றதும் அதுதான், செந்தட்டிக்கும் மாரிக்கனிக்கும் இரண்டு பக்கமும் நின்றதும் அதுதான், அறுபத்திரண்டு வீடுகளிலும் யார் பேரைச் சொல்லும்போது ஒருவருக்கு நெஞ்சு அடைத்ததோ அந்த ஆளைத்தான் அவள் தேடித் தேடிப் பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறாள். மிச்சம் ஊரில் இருப்பது யார் பேரிலும் யாருக்கும் தட்டாத ஜனம். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் திரும்பி உட்கார்ந்தாள், எந்தப் பிழையெடுப்பிலும் அவள் அப்படித் திரும்பியதில்லை. "பிழை இல்ல" என்றாள்.

யார் காலடியிலும் ஒன்றும் வரவில்லை.

"அப்படி ஒண்ணு கெடையாதேம்மா" என்றார் மந்திரமூர்த்தி மரியாதையாக.

"இருக்கு. இந்த வீட்டுல பிழை இல்ல, எந்த வீட்டுலயும் இருந்ததில்ல. நான்தான் வச்சேன். காலையில மையத்துல உக்காந்து நல்ல வாக்கியத்தைக் கெடுக்கேன்லா, அதே மாதிரி."

மந்திரமூர்த்தியின் மனைவி பாயிலிருந்து எழுந்து சேலையைச் சரிசெய்தாள். குமரகுரு பதறிவிட்டான். "அக்கா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எதுக்கு இப்படிப் பேசுத? ஒன்னச் சொல்ல மனசு வரலன்னா விடு, அப்பாவுக்குத்தான் நாக்கு கொளறுது, எல்லாரும் கேட்டாங்கள்ல. மூணு தடவ சொல்லித்தான் ஒரு பேரு வந்துச்சு. அப்பான்னு சொல்லிட்டுப் போ."

அம்மா மறுக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அப்பா இரண்டு கால்களையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார், ஊசி போடுவதற்குக் கையை நீட்டுகிற மாதிரி.

"சரிதாம்மா. நானாத்தான் இருக்கும். போட்டுரு" என்றார்.

யாரைச் சொன்னாலும் கோடு வரும் என்று இப்போது வடிவுக்குத் தெரியும். சொல்லாமல் எழுந்து போனாலும் மந்திரமூர்த்தி வாசலைத் தாண்டுவதற்குள் தம்பியும் அம்மாவும் அப்பாவைப் பழைய வேட்டி மூட்டையோடு கிட்டங்கிக்கு நடத்திவிடுவார்கள் என்றும் தெரியும். அவருக்கு அறுபத்தெட்டு வயது, இடது முட்டி மடங்காது. அவள் செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "கற்பகவடிவு" என்று தன் பேரைச் சொன்னாள். நாக்கு எங்கேயும் தட்டவில்லை. கோடு அவள் காலடியில் இடமிருந்து வலமாக ஓடி நின்றது, ராமலட்சுமி பாயசத்துக்கு உலை வைக்கப் போனாள்.

கிளம்பும்போது அப்பா ரயில்வே கேட் வரைக்கும் கூட வந்தார். கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது, அது முழுக்கப் போய் முடியும்வரை அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"வடிவு, யாரு கூப்புடும்போதும்மா தட்டுச்சு?" என்று கேட்டார். "என் கொரலா?"

அவர் முகத்தைப் பார்த்தபோது அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "இல்லப்பா. நானே என் மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். எம்பேருலதான் தட்டுச்சு. தப்பு எங்கிட்டதான் இருக்கு" என்றாள். அவர் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டே நின்றார், பெரிய பாரத்தை இறக்கி வைத்தவராகத் திரும்பிப் போனார்.

கிட்டங்கியில் அவளை யாரும் வையவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தபால்காரர் அருணாசலம் எழுந்து வந்து பையை வாங்கி வைத்தார், செந்தட்டியும் மாரிக்கனியும் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டார்கள். அத்தனை பேரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடாமல், கையைக் காட்டியோ தொண்டையைக் கனைத்தோ வேலையை முடித்துக்கொண்டார்கள். பூரணம் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வடிவு அவள் எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள், ஒரு வீட்டையும் விடாமல் சொன்னாள்.

"நாளைக்கே ஊருக்குள்ள போறேன் அக்கா. வீடு வீடா ஏறிச் சொல்லப் போறேன். மொதல்ல ஒங்க அம்மாகிட்ட. ஒங்க பேருல அவுகளுக்கு நாக்கு தட்டுனது ஏன்னு அவுகளுக்குத் தெரியணும்."

பூரணம் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தாள், அடுத்ததை எடுத்தாள்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தாங்க மாட்டாரு, அதான? அப்ப எங்கம்மா மட்டும் தாங்குவாளா? தப்பான பிள்ளைய அனுப்பிட்டோம்னு நெனச்சு இப்பத்தான் நல்லாத் தூங்குதா. நீ போயி எதையாவது சொல்லிக் கெடுத்துராத." அவள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். "இங்க இருக்கவங்ககிட்டயும் சொல்லாத. ஏதோ நம்மகிட்ட கோளாறுன்னு நெனச்சு எல்லாரும் கெடக்காங்க. இல்லன்னு தெரிஞ்சா அப்புறம் ஒரு நாளு இங்க இருக்க முடியாது, திரும்பிப் போகவும் முடியாது."

வடிவு ஊருக்குள் போகவில்லை. குமரகுருவின் கல்யாண மேளம் அந்த மாசக் கடைசியில் கிட்டங்கி வரைக்கும் கேட்டது, மேளத்தில் ஒரு அடி பிசகவில்லை.

அப்பா தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு வந்தார். கிட்டங்கி வாசலில் நின்று கூப்பிடுவார், உள்ளே வரமாட்டார். முதல் நாள், "வடி" என்று நின்று, செருமி, அப்புறம் மீதியைச் சொன்னார். இரண்டாம் நாளும் அப்படியே. வடிவு அந்தச் சத்தத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பாள், அவர் வந்தது தெரிந்தாலும் எழுந்து போகாமல், பேரில் அந்தத் தட்டல் கேட்கும்வரை சாக்குக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து போய்ச் சோற்றை வாங்குவாள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. தப்பு என்னிடம்தான் என்று அவள் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பதை அவள் யோசிக்கவில்லை. பத்து நாள் கழித்து நிறுத்தம் கொஞ்சம் சின்னதாயிற்று. இருபதாம் நாள் அவர் செருமவில்லை. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தார்.

ஐப்பசி மாசம் முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, தூக்குவாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது, வடிவு சாக்குக்கட்டுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வடிவு, சாப்பிட வா" என்று அப்பா கூப்பிட்டார், தெளிவாக, ஒரே மூச்சில்.